அறுபது தப்படி

வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, இது பட்டறைங்க. தரையெல்லாம் இரும்புச் சுருள் கெடக்குது. கால்ல ஏறுச்சுன்னா அதுக்கும் இந்தச் சென்னியப்பன்தான் காரணம்னு நாளைக்கு ஒரு காயிதம் கொண்டாருவீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. லேத்துல சாயாதீங்க, சட்டையில எண்ணெய் ஆயிரும்.

நீங்கதானுங்களே டிராயிங் மாஸ்டரு, ஜோதிலிங்கம்? போன்ல சொன்னீங்க, தனமணி டீச்சர் விசயமா ஒரு காயிதம் கொண்டு வர்றேன்னு. அது என்ன காயிதம்னு எனக்குத் தெரியாதுங்களா. விழா அன்னைக்குக் கயிறை முன்னால நகர்த்தச் சொன்னது நாந்தான்னு எழுதியிருப்பீங்க. கீழ நான் கையெழுத்துப் போடோணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க ஸ்கூல்ல விசாரணை. அந்தம்மாவுக்கு மெமோ குடுத்து வீட்டுல உக்கார வச்சிருக்காங்க. என் கையெழுத்து இருந்தா அந்தம்மா பேர் தப்பிக்கும், இல்லீன்னா இருபத்தொம்பது வருச சர்வீசும் கெட்ட பேரோட முடியும். இவ்வளவுதானுங்களே? வைங்க அந்த மேசை மேல. கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன், அப்பறமா பாக்கறேன்.

போடமாட்டேன்னு சொல்லலீங்க. போடறேன்னும் சொல்லலை. முதல்ல என் பக்கத்தைக் கேளுங்க. ரெண்டு மாசமா ஊருக்குள்ள அவனவன் வாய்க்கு வந்ததைப் பேசறான், ஒருத்தனாச்சும் இங்க வந்து என்னண்ணா நடந்துச்சுன்னு கேட்டிருப்பானா? கேக்க மாட்டானுங்க. கேட்டா சுவாரசியம் போயிருமில்ல.

காபி சொல்லலாம், ஆனா வராதுங்க. வீடு பின்னாலதான். எங்க வீட்டுக்காரி கோகிலா ரெண்டு மாசமா எங்கிட்டச் சரியாப் பேசறதில்லை. சோத்தை வச்சுட்டு அந்தப்பக்கம் போயிருவா. வாரத்துக்கு ரெண்டு தடவை தூக்குப்போசியில ரசஞ்சோறு எடுத்துட்டு உங்க டீச்சரம்மா வீட்டுக்குப் போறா. நான் கேக்கறதில்லை, அவளும் சொல்றதில்லை. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு.

நான் இருபத்திரெண்டு வருசமா ஹெலிகாப்டர் பறக்க விடறவனுங்க. கடைவீதியில பேட்டரி போட்டு விக்கறானே, குழந்தைங்க வச்சு விளையாடறது, அதை நினைச்சுக்காதீங்க. பொம்மைன்னு ஒருத்தன் சொன்னான், அவங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் நான் பேசறதில்லை. மேல ரெண்டு பிளேடு, ஒண்ணொண்ணும் என் முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் வச்சு, அதுக்கு மேலயும் ஒரு சாண் நீளம். கார்பன். நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்து. குறுக்க கையை நீட்டுனா கை இருக்காது, தெரிஞ்சுக்கங்க. அதைக் கையில ரிமோட்டை வச்சுட்டு, தரைக்கு மேல ஒரு முழத்துல தலைகீழா நிறுத்துவேன். இந்தக் கோயமுத்தூர்ல அதைச் செய்யறவன் எத்தனை பேருன்னு நினைக்கறீங்க? ரெண்டு பேரு. இன்னொருத்தன் துபாய் போயிட்டான்.

கிளப்புன்னு ஒண்ணு இருக்குதுங்க. மூடிப்போன மில்லுக்குப் பின்னால ஒரு பொட்டல், அங்க ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. அதுக்குச் செகரட்டரி ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். வாழ்க்கை பூரா அடுத்தவன் லோன் பாரத்துல கையெழுத்து சரியா இருக்குதான்னு பாத்தே பழகுன மனுசன். பறக்க விடறதுக்கு முன்னால ஒரு நோட்டை நீட்டுவான். போல்ட்டெல்லாம் தொட்டுப் பாத்தாச்சா, டிக்கு. பிளேடுல கீறல் இருக்குதா, டிக்கு. பக்கத்துல கூட்டத்தைப் பாத்துக்க ஒரு ஆள் நிக்கறானா, டிக்கு. ஆள் இருக்கற பக்கம் பறக்கக் கூடாது, தலைக்கு மேல பறக்கவே கூடாது, கோட்டைத் தாண்டுனா இறக்கிடோணும். இப்படி டிக்கு அடிச்சு முடிக்கறதுக்குள்ள வெயில் இறங்கிப் போயிரும். நான் ஒருநாள் சொன்னேன், ஏனுங்க சார், உங்களுக்குப் பறக்க விடறது பிடிக்குமா, நோட்டு எழுதறது பிடிக்குமான்னு. மூஞ்சி சுருங்கிப் போச்சு. அடுத்த மாசம் கமிட்டி போட்டு என்னைப் பத்திப் பேசப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. அதுக்கு முன்னாலயே நானா விலகிட்டேன்.

பாக்க வர்ற கூட்டத்தைப் பத்திச் சொல்லோணுமா? அதை நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருமுங்க. வாயைப் பொளந்துட்டு நிப்பான். இறக்கி வச்ச உடனே ஓடி வந்து கையை வைப்பான், மோட்டார் கொதிச்சுட்டு இருக்கும். சார், இதுல ஆள் உக்காரலாமாம்பான். ஒருத்தன் கேட்டான், இதை வச்சுத் தென்னையில தேங்கா பறிக்கலாமான்னு. இருபத்திரெண்டு வருசம் உசுரைக் குடுத்துக் கத்துக்கிட்டவங்கிட்ட வந்து தேங்கா பறிக்கலாமாங்கறான். இந்தக் கும்பலுக்குத்தான் கயிறு கட்டு, கோடு போடுங்கறாங்க. நான் என்ன சொல்லுவேன்னா, அறிவு இருக்கறவன் தானா தள்ளி நிப்பான். இல்லாதவனுக்குக் கயிறு கட்டி என்ன ஆகப் போகுது?

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்க கரெஸ்பாண்டெண்ட் இங்கதான் வந்தாரு, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூலு. ஸ்போர்ட்ஸ் டேக்கு உங்க ஹெலிகாப்டரு வேணுமுங்க அண்ணா, கும்பாபிசேகத்துக்குக் கலசத்து மேல பூத் தூவறாங்கல்ல, அது மாதிரி நம்ம சீஃப் கெஸ்ட்டு தலையில பூ விழுகோணும்னாரு. பெரிய மனுசன் கேக்கறாரு, எனக்கும் கை துறுதுறுங்குது. தகரத்துல ஒரு டப்பா நானே செஞ்சேன். அடியில மூடி, ரிமோட்டுல ஒரு பட்டனைத் தட்டுனா திறந்துக்கும். ரெண்டு கை நிறைய ரோஜா இதழ் பிடிக்கும். அவ்வளவு நேக்கா இருந்துச்சுங்க அந்த வேலை.

விழாவுக்கு முதல் நாள் மைதானத்தைப் பாக்கப் போனேன். அப்பத்தான் உங்க தனமணி டீச்சரைப் பாத்தேன், பி.டி. டீச்சரு. சேலைக்கு மேல ஒரு முழுக்கைச் சட்டை, கால்ல வெள்ளை ஷூ, கழுத்துல விசிலு, கையில சுண்ணாம்பு வாளி. வணக்கம் சார்னு சொல்லிட்டு நேரா கேள்விதான். இது கீழ விழுந்தா துண்டு எத்தனை தூரம் போகும் சார்? விழுகாதுன்னேன். விழுந்தா சார்னுச்சு. விழுகாதும்மான்னேன். சரிங்க சார், விழுகாது, ஆனா விழுந்தா எத்தனை தூரமுன்னு மறுபடியும் கேக்குது. பசங்க மரத்துல ஏறக் கூடாதுன்னு சொல்ற அதே குரல்ல. எனக்கு எப்படி இருக்கும்?

போன்ல எதையோ படிச்சுட்டு வந்திருக்குதுங்க. நம்ம கிளப்பு செகரட்டரி அந்த பேங்க் மேனேஜருக்கே போன் போட்டுக் கேட்டிருக்குது, அது அப்பறம் தெரிஞ்சுது. நான் நிக்கற இடத்துல இருந்து அதுவே நடந்து எண்ணுச்சு, அறுபது தப்படி. அங்க சுண்ணாம்புல கோடு இழுத்துக் கயிறு கட்டிருச்சு. பிள்ளைங்க அதுக்கு அந்தப்பக்கம்தான் உக்காருமாம். சீஃப் கெஸ்ட்டு தலை மேலயும் வேண்டாமாம், மேடைக்கு முன்னால வெறுந்தரையில பூவைப் போட்டா அழகா இருக்குமாம். வெறுந்தரையில பூப் போடறதுக்கு நான் எதுக்குங்க, கூடை தூக்கற ஒரு ஆள் போதுமே? சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மூணரை மணி. அணிவகுப்பு முடிஞ்சு உங்க டீச்சரம்மா கொடியையும் பேண்டு செட்டையும் உள்ள வைக்கப் போயிருக்குது. நான் மைதானத்துல வந்து நின்னு பாக்கறேன், பிள்ளைங்க எங்கயோ அடிவானத்துல உக்காந்திருக்கு. அறுபது தப்படின்னா அங்கிருந்து பாக்கறதுக்கு இது காக்கா மாதிரித்தான் தெரியும். கரெஸ்பாண்டெண்ட் மேடையில இருந்து என்னைப் பாத்துக் கையை விரிக்கறாரு. சரின்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கயிறை முன்னால கொண்டாரச் சொன்னேன். ஆமாங்க, நாந்தான் சொன்னேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும், இங்க வேற யாரு இருக்கறா. இருபது தப்படிக்குக் கொண்டாந்தான். பிள்ளைங்க ஹோன்னு கத்திட்டு ஓடி வந்து உக்காந்துச்சுங்க. சின்னதுங்க முன்னால, பெருசுங்க பின்னால. அந்தச் சந்தோசத்தை நீங்க பாத்திருக்கோணும். நீங்க பாக்கலீங்களா? பேட்ஜு ஒட்டிட்டு உள்ள இருந்தீங்களாக்கும்.

டீச்சரம்மா திரும்பி வந்து பாக்குது, கயிறு இங்க இருக்குது. வேகு வேகுன்னு எங்கிட்ட வந்துச்சு. சார், இது ஆகாது, கயிறு பின்னால போகட்டும்னுச்சு. டீச்சர், நீங்க கபடியைப் பாத்துக்கங்க, இதை நான் பாத்துக்கறேன்னேன். போகலை. நின்னுச்சு. எனக்குச் சட்டைக் காலர்ல மைக்கு மாட்டி விட்டிருந்தாங்க, நடுவுல விளக்கம் சொல்றதுக்காக. நான் அதுல கேட்டேன், பிள்ளைங்களா, உங்க டீச்சருக்குப் பயமா இருக்குதாம், உங்களுக்குப் பயமா இருக்குதான்னு. எண்ணூறு பிள்ளைங்களும் இல்லைன்னு ஒரே கத்து. சிரிப்புன்னா சிரிப்பு. மேடையில சீஃப் கெஸ்ட்டு கூடச் சிரிச்சாரு.

அந்தம்மா சிரிக்கலை. விசிலை எடுத்து வாயில வச்சுச்சு. ஊதியிருந்தா எல்லாம் எந்திரிச்சுப் பின்னால போயிருக்குங்க, அந்த விசிலுக்கு அவ்வளவு மரியாதை உண்டுன்னு சொல்றாங்க. மேடையைத் திரும்பிப் பாத்துச்சு. கரெஸ்பாண்டெண்ட் வேண்டாம்னு தலையை ஆட்டுனாரு. விசில் வாயில இருந்து தானா இறங்கிருச்சு. அப்பறம் நேரா போயி கயிறுக்கு இந்தப்பக்கம், முதல் வரிசைப் பிள்ளைங்களுக்கு முன்னால, எனக்கு முதுகைக் காட்டிட்டு ரெண்டு கையையும் அகட்டிட்டு நின்னுச்சு. பின்னால தள்ளி உக்காருங்க, பின்னால தள்ளி உக்காருங்கன்னு சொல்லிட்டே இருக்குது. பஸ்ஸுல கண்டக்டர் நிக்கற மாதிரி. கயிறுக்கு இந்தப்பக்கம் யாரு நிக்கச் சொன்னா? நான் சொன்னனா? விசாரணையில முதல்ல கேக்க வேண்டியது இதைத்தானுங்க.

பறக்க விட்டேன். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மேடைக்கு நேரா கொண்டு போயி நிறுத்திப் பட்டனைத் தட்டுனேன். அத்தனை இதழும் சீஃப் கெஸ்ட்டு தலையிலயும் மடியிலயும்தான். ஒண்ணு கீழ விழுகலை. கைதட்டு அடங்க ஒரு நிமிசம் ஆச்சு. அதோட இறக்கியிருக்கலாமில்லன்னு எல்லாரும் கேக்கறாங்க. எண்ணூறு பிள்ளைங்க இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கத்துது, நீங்கன்னா இறக்குவீங்களா? தலைகீழாப் புரட்டி, பிள்ளைங்களுக்கு முன்னால தரையை ஒட்டி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு இழுத்தேன். பாதி தூரம் போனப்ப டப்புன்னு ஒரு சத்தம்.

பிளேடு ஒண்ணு கழண்டுருச்சு.

அது போனதை யாரும் பாக்கலை. பாக்க முடியாதுங்க, அவ்வளவு வேகம். டீச்சரம்மா முன்பக்கமா மடங்கி விழுந்ததைத்தான் பாத்தோம். வலது தோளுக்குக் கீழ. எலும்பு நாலு துண்டு, உள்ள போற நரம்பு அறுந்து போச்சாம். ரெண்டு ஆபரேசன் ஆச்சு, இன்னும் விரலை மடக்க வரலைன்னு கோகிலா யாருகிட்டயோ போன்ல சொல்லிட்டு இருந்தா. முதல் வரிசையில இருந்தது ஒண்ணாங் கிளாசுங்க. அந்த பேங்க் மேனேஜரு அடுத்த நாளே வந்து மைதானத்தை அளந்து பாத்துட்டு, அறுபதுல இருந்திருந்தா புல்லுல விழுந்திருக்கும், இருபதுல டீச்சர் இல்லைன்னா குழந்தைன்னு சொல்லிட்டுப் போனானாம். எதையாச்சும் அளக்காட்டி அவனுக்குத் தூக்கம் வராது.

அப்பறம் ஒண்ணு நடந்துச்சுங்க. அதை நான் யாருகிட்டயும் சொல்லலை.

பிளேடு போன ஹெலிகாப்டரு தரையில விழுந்து, மிச்சமிருக்கற ஒரு பிளேடோட துள்ளுது. மோட்டார் ஓடிட்டே இருக்குது. மண்ணை வாரி அடிக்குது. உண்மையைச் சொல்றனுங்க, ரிமோட்டு கையில இருக்குது, விரல் நகர மாட்டேங்குது. இந்தப்பக்கம் அஞ்சாறு சின்னதுங்க எந்திரிச்சு அதுகிட்டயே ஓடி வருது, வேடிக்கை பாக்க. அப்ப கீழ கெடந்துட்டே அந்தம்மா கத்துச்சு. அம்மான்னு கத்தலை, ஐயோன்னு கத்தலை. சார், சிவப்பு சுவிட்சு, சிவப்பு சுவிட்சுன்னு கத்துச்சு. ரிமோட்டுல மேல ஓரத்துல மோட்டாரை நிறுத்தற சுவிட்சு ஒண்ணு உண்டு. முதல் நாளே இது எதுக்கு சார்னு கேட்டுது, உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்னு வேண்டா வெறுப்பாச் சொன்னேன். அதை ஞாபகம் வச்சிருக்குது. அது சொன்ன பொறகுதான் என் விரல் போச்சு. மோட்டார் நின்னப்ப ஒரு பொட்டப்புள்ளை அதுக்கு மூணு தப்படியில நிக்குது.

இருபத்திரெண்டு வருசம் பறக்க விடறவனுக்கு, கீழ விழுந்து கெடக்கற பி.டி. டீச்சரு சுவிட்சைச் சொல்லித் தருது. அதை வெளிய சொன்னா எவனாச்சும் மதிப்பானுங்களா? அதனால சொல்லலை.

பிளேடு ஏன் கழண்டுச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலியா. சரி, கேட்டதா வச்சுக்கங்க. எல்லாரும் அதைத்தான் அடுத்தாப்பல கேப்பாங்க. கயிறை நகர்த்தினேன்னு நான் கையெழுத்துப் போட்டேன்னு வைங்க, சரி கயிறு கிடக்கட்டும், பிளேடு ஏன் கழண்டுச்சும்பான். அதுலதானுங்க எனக்குச் சிக்கல்.

அந்த வாரம் திங்கக்கிழமை இங்க ஒத்திகை பாக்கறப்ப, டப்பா கனத்துல ஹெலிகாப்டரு தரையில தட்டி, பிளேடைப் பிடிச்சிருக்கற போல்ட்டு ஒண்ணு லேசா வளைஞ்சுருச்சு. ஒரிஜினல் வரணும்னா மூணு வாரம். வெள்ளிக்கிழமை விழா. என்ன பெரிய போல்ட்டு, சுண்டு விரல்ல பாதி இல்லை. நான் முப்பத்தி மூணு வருசமா பம்பு ஷாப்டு கடையறவன். சென்னியப்பன் கடைஞ்சதுன்னா அளவு வச்சுப் பாக்கவே வேண்டாம்னு கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போவான். ஒரு துண்டு ராடை எடுத்து அரைமணி நேரத்துல கடைஞ்சுட்டேன். ஒரிஜினல்ல நுனியில மட்டும்தான் மரை இருக்கும், பிளேடு உக்கார்ற இடம் வழவழன்னு இருக்கும். நான் அவசரத்துல முழுசும் மரை போட்டுட்டேன். அதுக்குச் சூடு காட்டி உரம் ஏத்தோணும், அதுக்கும் நேரமில்லை. ஒரு நாள்தானே, பத்து நிமிசம் பறக்கப் போகுது.

இந்தாங்க, பாருங்க. முறிஞ்ச அந்த போல்ட்டை இந்த டப்பாவுலதான் வச்சிருக்கறேன். ஆம்புலன்சு வர்றதுக்குள்ள எல்லாரும் டீச்சரைச் சுத்தி நின்னாங்க, நான் போயி இதைக் கழட்டிப் பையில போட்டுட்டேன். இன்னொரு துண்டு மண்ணுல கெடந்துச்சு, அதையும் தேடி எடுத்துட்டேன். விழா பாக்க வந்திருந்த கோகிலா தூரத்துல நின்னு பாத்துட்டு இருந்திருக்கறா, அது அப்ப எனக்குத் தெரியாது. முறிஞ்ச இடத்தைப் பாருங்க. மரையோட பள்ளத்துல. பட்டறையில வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆனவன்கூடச் சொல்லிருவான், அங்க மரை போட்டா அங்கதான் முறியும்னு. நான் போட்டிருக்கறேன்.

அதனால நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கோணும். இதை ஊர்ல எவனாச்சும் கேட்டான்னா, நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் எங்கிட்ட ஷாப்டு குடுக்க மாட்டான். குடுத்தாலும் அளந்து பாத்து வாங்குவான். என்னோட பேரே இந்த லேத்துலதானுங்க இருக்குது. உங்க டீச்சரம்மாவுக்கு இன்னும் ஒரு வருசம் சர்வீசு, எப்படியும் வீட்டுல உக்காரப் போற ஆளு. கரெஸ்பாண்டெண்டும் அதைத்தான் சொன்னாரு, மைதானம் அந்தம்மா பொறுப்பு, நீங்க விருந்தாளி, சும்மா இருங்கன்னாரு. நான் சும்மா இருந்தேன். பொய் ஒண்ணும் சொல்லலை. எவனும் கேக்கலை, நான் சொல்லலை.

சரி, எடுங்க அந்தக் காயிதத்தை. கண்ணாடி சட்டைப் பையிலயே இருக்குது, நெம்ப நேரமாத் தேடிட்டு இருக்கறேன்.

என்னங்க இது எழுத்து? நான் டைப் அடிச்சுக் கொண்டாருவீங்கன்னு பாத்தா, ஒரு வரி மேல ஏறுது, ஒரு வரி கீழ இறங்குது. ஒண்ணாங் கிளாசுப் பிள்ளை எழுதுன மாதிரி. நீங்க டிராயிங் மாஸ்டருதானுங்களே? கோடு நேரா வராதா உங்களுக்கு?

நீங்க எழுதலியா. யாரு?

இடது கையிலயா.

சரி.

சரிங்க, படிக்கறேன். "விளையாட்டு விழா அன்று மைதானம் என் பொறுப்பில் இருந்தது. கயிறு முன்னால் வந்ததைப் பார்த்த பிறகும் நான் விசில் ஊதி நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. மேடையைப் பார்த்துத் தயங்கிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நானே காரணம். வேறு யாரையும் குறை சொல்ல விரும்பவில்லை. இப்படிக்கு, தனமணி." அவ்வளவுதானா? பின்னால ஒண்ணும் இல்லியா?

இதுக்கு என் கையெழுத்து எதுக்குங்க? வேண்டாமா. அப்ப எதுக்குக் கொண்டாந்தீங்க? நாளைக்கு இதைத்தான் அங்க குடுக்கப் போகுதா. நீங்களா எடுத்துட்டு வந்தீங்களா, அந்தம்மாவுக்குத் தெரியாதா. நான் ஒருக்கா படிக்கோணும்னு. நெம்ப நல்லா இருக்குதுங்க. இத்தனை நேரம் நான் இங்க உக்காந்து போல்ட்டு வரைக்கும் உங்ககிட்ட ஒப்பிச்சுட்டு இருக்கறேன், நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை.

இதுல என் பேரே இல்லீங்களே. கயிறு முன்னால வந்துச்சாம். கயிறு எப்படிங்க தானா வரும், கால் முளைச்சு வந்துச்சா? மேடையைப் பாத்துத் தயங்குச்சாம். மேடையை மட்டுமா பாத்துச்சு? நான் மைக்குல கேட்டது எங்க? எண்ணூறு பிள்ளைங்க அது மூஞ்சிக்கு நேரா சிரிச்சது எங்க? அதுல ஒரு வரிகூட எழுதலை. சுவிட்சைப் பத்தி எழுதலை. இது பொய்யுங்க. பாதியை மறைச்சு எழுதுனா அது பொய்தானே. விசாரணையில போயி இப்படிப் பொய் எழுதிக் குடுக்குது, இருபத்தொம்பது வருசம் பிள்ளைங்களுக்கு டீச்சரா இருந்த பொம்பளை.

என்னைக் காப்பாத்தறதுக்கு இந்தம்மா யாருங்க? நான் கேட்டனா? எவ்வளவு நேரம் ஆயிருக்கும் இதை எழுதறதுக்கு? பாருங்க, இந்த 'பிள்ளைகளுக்கு'ங்கற வார்த்தையை ரெண்டு தடவை அடிச்சு எழுதியிருக்குது. ஒவ்வொரு எழுத்தா வச்சு வச்சு, ஒரு சாயங்காலம் பூரா உக்காந்திருக்கும். கோகிலா பக்கத்துல உக்காந்து தாளைப் பிடிச்சுட்டு இருந்திருப்பா. அவளுக்கு எல்லாம் தெரியும். எங்கிட்டச் சொல்லலை.

இல்லீங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. இந்த இரும்புத் தூசி கண்ணுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

அந்தப் பலகை மேல பில் புத்தகத்துக்குக் கீழ வெள்ளைத்தாள் இருக்குது, எடுங்க. பேனா உங்ககிட்ட இருக்குதுங்களா, என்னோடது எழுதாது. நாளைக்குப் பத்து மணின்னீங்க. நானே வர்றேன், நீங்க கொண்டு போக வேண்டாம். அந்தம்மா காயிதத்தை அங்க வச்சுட்டுப் போங்க, கிழிக்க மாட்டேன். பெறுநர் கரெஸ்பாண்டெண்டுன்னு போட்டாச் சரிங்களா? இந்தா, அனுப்புநர் சென்னியப்பன், லேத்து பட்டறை.

சொல்லுங்க மாஸ்டர். கயிறுல இருந்து ஆரம்பிக்கட்டுங்களா, போல்ட்டுல இருந்து ஆரம்பிக்கட்டுங்களா?